மூலிகைச் சாறு பூஞ்சாணத்தைத் தடுக்குமா? எந்தச் செடி, எவ்வளவு, எப்போது

கேள்வி இதுதான்: பூசணி, வெண்டை இலைகளில் வெள்ளையாக மாவு தூவினாற்போல் நோய் வந்திருக்கிறது. வேப்பிலை, துளசி, பூண்டு, மஞ்சள் நான்கையும் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து இரண்டு முறை தெளித்தாயிற்று. நோய் நிற்கவில்லை. அருகிலிருந்த தக்காளி நாற்றுகளில் இலை ஓரம் கருகியும் விட்டது. மூலிகைச் சாறுகள் உண்மையிலேயே பூஞ்சாணத்தைக் கொல்லுமா? கொல்லும் என்றால் எதை, எவ்வளவு, எப்படி?

கொல்லும். நீங்கள் எடுத்த நான்கு செடிகளிலும் பூஞ்சாணத்துக்கு எதிரான பொருள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் செய்த முறையில் நான்கின் வலுவும் நான்கு வேறு காரணங்களால் வீணாகிவிட்டது. மூலிகைச் சாறு பலன் தரவில்லை என்று சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். ஆகவே "எந்தச் செடி" என்பதைவிட, அந்தச் செடிக்குள் வேலை செய்யும் பொருள் எது, அது நீரில் கரையுமா, சூட்டைத் தாங்குமா, வெயிலைத் தாங்குமா என்று பார்ப்பது முக்கியம். உங்கள் கலவையையே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூண்டு. முழுப் பூண்டுப் பல்லை மூக்கருகே வைத்தால் பெரிதாக மணம் இருக்காது. அம்மியில் ஒரு தட்டு தட்டியதும்தான் காட்டம் ஏறும். காரணம், அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் பூண்டின் செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. செல் உடையும்போது இரண்டும் சேர்ந்து சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. பூஞ்சாணத்தின் நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பிடித்து அவற்றைச் செயலிழக்கச் செய்வது இந்த அல்லிசின்தான். முழுப் பல்லாகக் கொதிநீரில் போட்டால் நொதி வெந்து செத்துவிடும், அல்லிசின் பிறக்கவே பிறக்காது. அரைத்த பிறகு கொதிக்கவைத்தால், பிறந்த அல்லிசின் சிதைந்துவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் கையில் மிஞ்சுவது பூண்டு வாசம் வீசும் நீர்.

சரியான முறை இது. தோல் நீக்கிய பூண்டு 100 கிராமை நன்றாக விழுதாக நசுக்குங்கள். நீர் சேர்க்காமல் 10 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு 1 லிட்டர் குளிர்ந்த நீரில் கலக்கி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். 1 கிராம் பச்சைப் பூண்டிலிருந்து ஏறத்தாழ 2 முதல் 5 மில்லிகிராம் அல்லிசின் கிடைக்கும். அப்படியானால் இந்த 1 லிட்டர் மூலச்சாற்றில் 200 முதல் 500 மில்லிகிராம் வரை இருக்கும். இதோடு 2 லிட்டர் நீர் சேர்த்து மொத்தம் 3 லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 70 முதல் 170 மில்லிகிராம் நிற்கும். தெளிப்புக்குப் பயன்படும் அளவு இது. பத்து மடங்கு, இருபது மடங்கு நீர்க்கச் சொல்லும் குறிப்புகளில் கணக்கு இந்த இடத்தில்தான் உதைக்கிறது. அல்லிசின் நிலையற்றது. அன்று செய்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். பாட்டிலில் ஒரு வாரம் வைத்த பூண்டுச் சாற்றில் நாற்றம் இருக்கும், வலு இருக்காது.

துளசி. இதன் பூஞ்சாண எதிர்ப்பு பெரும்பாலும் யூஜினாலும் மற்ற வாசனை எண்ணெய்களும்தான். திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதித்தபோது அவை ஆவியோடு போய்விட்டன. சமையலறை முழுக்கத் துளசி மணத்தது என்றால், இலையில் பட வேண்டியது காற்றில் கலந்துவிட்டது என்று பொருள். இன்னொன்றையும் யோசியுங்கள்: 1 கிலோ பச்சைத் துளசியிலேயே வாசனை எண்ணெய் சில கிராம்தான் இருக்கும். கிராம்பிலோ எடையில் 15 விழுக்காடு அளவுக்கு எண்ணெய் இருக்கிறது, அந்த எண்ணெயில் முக்கால் பங்கு யூஜினால். யூஜினால்தான் வேண்டும் என்றால் ஒரு கூடைத் துளசியைவிட ஒரு பிடி கிராம்பு மேல். துளசி ஒன்றுக்கும் ஆகாது என்பதல்ல. அளவு போதவில்லை என்பதே குறை.

கிராம்பை இப்படி எடுக்கலாம். 20 கிராம் கிராம்பைக் கரகரப்பாகப் பொடித்து, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான, ஆனால் கொதிக்காத 1 லிட்டர் நீரில் போட்டு உடனே இறுக்கமாக மூடுங்கள். முழுதாக ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. மூடியின் உட்புறம் முத்து முத்தாக நிற்கும் நீரையும் உதறிச் சாற்றிலேயே சேர்த்துவிடுங்கள், அதில்தான் எண்ணெய் இருக்கிறது. ஆறியதும் வடித்து, அதே அளவு நீர் சேர்த்துத் தெளிக்கலாம். கடையில் வாங்கும் கிராம்பு எண்ணெய் என்றால் லிட்டருக்கு 1 மில்லிக்கு மேல் போகவே வேண்டாம். கிராம்பு எண்ணெயை அடர்த்தியாகத் தெளித்துக் களைகளைக் கருக்குகிறார்கள். களையைக் கருக்குவது உங்கள் செடியையும் கருக்கும்.

மஞ்சள். இதில் வேலை செய்யும் நிறப்பொருளான குர்குமின் நீரில் கிட்டத்தட்ட கரையாது. மஞ்சள் நீர் என்று நாம் தெளிப்பது நீரில் மிதக்கும் தூள்தான். அது போதாதென்று நீங்கள் சோப்பையும் சேர்த்தீர்கள். மஞ்சள் கறையுள்ள துணியில் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். காரத்தன்மையில் குர்குமினின் வடிவமே மாறுவதைத்தான் அந்தச் சிவப்பு காட்டுகிறது. அந்த நிலையில் அதன் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளோடு சோப்பு, மஞ்சளோடு சாம்பல், மஞ்சளோடு சுண்ணாம்பு என்று வரும் குறிப்புகள் எல்லாவற்றிலும் இதே கோளாறு இருக்கிறது. இலைத் தெளிப்புக்கு மஞ்சளை விட்டுவிடுவதே என் பரிந்துரை.

வேப்பிலை. வேம்பு என்றதும் அசாடிராக்டின் நினைவுக்கு வரும். அது பூச்சிகளின் வளர்ச்சியைக் குலைக்கும் பொருள், பூஞ்சாணத்துக்கு எதிராக அதன் பங்கு மிகக் குறைவு. அதுவும் விதையில்தான் அதிகம், இலையில் சொற்பம். பூஞ்சாணத்துக்கு வேலை செய்வது வேப்பெண்ணெய். இதற்கு ஒரு நல்ல சான்று வேப்பெண்ணெய்க் காப்புரிமை வழக்கு. டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் கொடுத்த காப்புரிமை, வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளில் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கானது. சூழலியலாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வாதாடி, 2000இல் அது ரத்தானது. 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. காலங்காலமாக மக்கள் கையில் இருந்த அறிவு அது என்பது நிலைநாட்டப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது: அவர்கள் உரிமை கோரிய எண்ணெய், அசாடிராக்டின் பெரும்பாலும் நீக்கப்பட்ட எண்ணெய். அதாவது பூஞ்சாணத்தின் மேல் வேலை செய்வது எண்ணெய்தான். ஆகவே உங்கள் செடிகளில் மாவு தூவினாற்போல் வந்திருக்கும் சாம்பல் நோய்க்கு வேப்பிலைக் கஷாயத்தை நம்பாதீர்கள், வேப்பெண்ணெயை எடுங்கள்.

வேப்பெண்ணெயில் தவறு நடப்பது கலக்கும்போது. 1 லிட்டர் நீருக்கு எண்ணெய் 5 மில்லி, அதாவது 0.5 விழுக்காடு, போதும். முற்றிய இலைகளுக்கு 10 மில்லி வரை போகலாம். முதலில் எண்ணெயையும் 2 மில்லி திரவ சோப்பையும் ஒரு கிண்ணத்தில் குழைத்து, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக விட்டு அடியுங்கள். பால் போல் வெளுத்த பிறகு மீதி நீரில் ஊற்றுங்கள். மேலே மஞ்சள் வளையங்கள் மிதந்தால் கலவை உடைந்துவிட்டது, அதைத் தெளிக்கக் கூடாது. தெளிப்பானின் உறிஞ்சுகுழாய் அடியில் இருக்கிறது, எண்ணெயோ மேலே மிதக்கிறது. எனவே முதலில் தெளித்த செடிகளுக்கு வெறும் சோப்பு நீரும், கடைசிச் செடிகளுக்குக் கெட்டி எண்ணெயும் போகும். தோட்டத்தில் கடைசி வரிசை மட்டும் கருகியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தெளிக்கும்போது டேங்கை அடிக்கடி குலுக்கிக்கொண்டே இருங்கள்.

அடுத்து நோய்க்கு வருவோம். பூஞ்சாண நோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும், சாறு எட்டக்கூடிய நோய் வேறு, எட்டாத நோய் வேறு. சாம்பல் நோய்ப் பூஞ்சாணம் இலையின் மேற்பரப்பிலேயே படர்ந்து, வேர் போன்ற உறுப்பை மட்டும் மேல்தோல் செல்லுக்குள் இறக்கி உறிஞ்சுகிறது. விரலால் துடைத்தால் மாவு கையோடு வரும். உடம்பு முழுக்க வெளியே இருப்பதால் தெளிப்பு நேராக அதன்மேல் படும். மூலிகைச் சாறுகளுக்கு மிகவும் தோதான நோய் இதுவே. அடிச்சாம்பல் நோய் அப்படியல்ல. மேலே மஞ்சள் கட்டங்களும், இலையைத் திருப்பினால் அடியில் மட்டும் சாம்பல் அல்லது ஊதாப் பூச்சும் தெரியும். அது உண்மையில் பூஞ்சாணமே அல்ல, ஊமைசீட் என்ற வேறு குடும்பம். இலைக்குள்ளேயே வளர்ந்து, வித்து விட மட்டும் வெளியே தலைநீட்டுகிறது. நாம் பார்க்கும்போது காரியம் உள்ளே முடிந்திருக்கும். துரு நோயும் உள்ளே வளர்வதுதான்.

இந்தக் குடும்ப வேறுபாடு சாறின் தேர்வையும் மாற்றும். பூந்திக்கொட்டை, சீயக்காய் போன்றவற்றின் நுரைக்கும் பொருள்களான சப்போனின்கள் பூஞ்சாணச் செல்லுறையில் உள்ள ஸ்டீரால்கள் என்ற கொழுப்பு வகைப் பொருள்களோடு பிணைந்து உறையை ஓட்டையாக்குகின்றன. நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் தனக்கென ஸ்டீரால் தயாரிப்பதில்லை. பிடிக்க வேண்டியதே அங்கே இல்லாதபோது சப்போனின் என்ன செய்யும்? பூண்டின் அல்லிசினுக்கு இந்தத் தடை இல்லை, அது தாக்கும் இடம் வேறு. ஆனாலும் நாற்றழுகலுக்கு முதல் மருந்து வடிகாலும் நீர்க்குறைப்பும்தான்.

வாடல் நோய்க்கு இலைமேல் எதைத் தெளித்தாலும் பயனில்லை, ஏனெனில் கிருமி தண்டின் நீர்க்குழாய்களுக்குள் இருக்கிறது. அது பூஞ்சாணமா பாக்டீரியாவா என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். வாடிய செடியின் தண்டை அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் நீரில் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் நூல் போல் வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் பூஞ்சாண வாடலாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் செடியை வேரோடு எடுத்து அகற்றுவதே வழி.

தெளிக்கும் நேரம் அளவைவிட முக்கியம் என்பேன். செடிச்சாறுகள் பெரும்பாலும் இலைமேல் தங்கிக் காக்குமே தவிர, உள்ளே ஊடுருவிக் குணப்படுத்தாது. இலைப்புள்ளி, கருகல் நோய்களின் வித்துகள் இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தாலே முளைத்து உள்ளே இறங்கிவிடும். மழைக்குப் பிறகு புள்ளியைப் பார்த்துவிட்டுத் தெளிப்பவர் ஒரு வாரம் பிந்திவிட்டார். மூட்டமான, ஈரமான நாட்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் தெளிப்பவருக்கே பலன். வெயிலில் சிதையும் பொருள்கள் என்பதால் மாலையில் தெளிப்பது நல்லது. ஆனால் இருட்டிய பிறகு வேண்டாம், இரவு முழுக்க இலை ஈரமாகவே இருந்தால் வேறு நோய்களுக்கு அதுவே வசதியாகிவிடும். பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தெளித்தால் இலை காய்ந்துவிடும், தேனீக்களின் நடமாட்டமும் குறைந்திருக்கும். பலன் 5 முதல் 7 நாட்களுக்கு மேல் நிற்காது. நல்ல மழை ஒன்று பெய்தால் அன்றே கழுவிப்போகும், மறுபடி தெளிக்கத்தான் வேண்டும். புதிதாக விரிந்த இலையில் போன வாரத் தெளிப்பு ஒரு துளியும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆய்வுகளில் வரும் அளவைப் பார்த்துக் குழம்புவோருக்காக ஒரு கணக்கு. ஆய்வகத்தில் சாற்றைப் பூஞ்சாணம் வளரும் ஊடகத்தில் கலந்து, வட்டமாகப் படரும் வளர்ச்சியைச் சாறு கலக்காத தட்டோடு ஒப்பிட்டு, எத்தனை விழுக்காடு தடுத்தது என்று சொல்வார்கள். அந்தத் தட்டில் வெயில் இல்லை, மழை இல்லை, சாறும் ஆவியாகி ஓடாமல் மூடிக்குள்ளேயே நிற்கிறது. அங்கே கிடைக்கும் 90 விழுக்காட்டை வயலில் எதிர்பார்க்கக் கூடாது. அளவும் வேறு: அங்கே 1000 பிபிஎம் என்றால் பெரும்பாலும் ஆல்கஹாலில் எடுத்து உலர்த்திய சாரம் லிட்டருக்கு 1 கிராம். உலர்ந்த இலையிலிருந்து அப்படிக் கிடைக்கும் சாரம் பொதுவாக எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான். 1 கிராம் சாரத்துக்கு 10 முதல் 20 கிராம் உலர் இலை வேண்டும். பச்சை இலையில் முக்கால் பங்கு நீர் என்பதால் அதுவே 40 முதல் 80 கிராம் பச்சை இலை. நீரில் மட்டும் ஊறவைத்தால் ஆல்கஹாலில் இறங்கும் பொருள்கள் பலவும் சக்கையிலேயே தங்கிவிடும். வீட்டில் எடுக்கும் நீர்ச்சாறு ஆய்வகச் சாற்றின் ஒரு பகுதி வலுவுக்குத்தான் வரும். இதைப் படித்துவிட்டு மெத்தனாலைத் தேடிப் போக வேண்டாம், அது கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு.

"10 சதவீதச் சாறு" என்ற சொல்லாலும் குழப்பம் வருகிறது. 1 கிலோ பச்சை இலையை 1 லிட்டர் நீரில் அரைத்து எடுப்பதைச் சிலர் மூலச்சாறாக, அதாவது 100 சதவீதமாக, வைத்துக்கொண்டு, அதில் 1 லிட்டரை 10 லிட்டராக நீர்ப்பதை 10 சதவீதம் என்கிறார்கள். வேறு சிலர் 100 கிராம் பொடியை 1 லிட்டர் நீரில் போடுவதை 10 சதவீதம் என்கிறார்கள். முன்னதில் லிட்டருக்கு 100 கிராம் பச்சை இலை, பின்னதில் 100 கிராம் உலர்பொடி. ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. ஒரு குறிப்பைப் பின்பற்றும் முன் பச்சையா, உலர்ந்ததா, நீர்க்கும் முன்பா, பின்பா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாச் சாற்றுக்கும் கொதி ஆகாது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். எக்விசிட்டம் எனப்படும் குதிரைவால் செடியை ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பயிர்ப் பாதுகாப்புக்கான அடிப்படைப் பொருளாக ஏற்றது. அதன் முறை: உலர்ந்த செடி 200 கிராமை 10 லிட்டர் நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, 45 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து வடித்து, பத்து மடங்கு நீர்த்துத் தெளிப்பது. அதில் உள்ள சிலிக்கா கொதித்தால்தான் நன்றாக இறங்கும், சூட்டால் கெடுவதும் இல்லை. வாசனையால் வேலை செய்யும் செடியைக் கொதிக்கவைக்காதே, மணமற்ற, உரமான செடியைக் கொதிக்கவைக்கலாம் என்பது தோராயமான ஆனால் பயனுள்ள விதி. ரெய்னூட்ரியா சகாலினென்சிஸ் என்ற செடியின் சாரம் வேறு வகை. அது பூஞ்சாணத்தை நேரடியாகத் தாக்குவதைவிட, பயிரின் சொந்த எதிர்ப்பை முடுக்கிவிடுகிறது. ரெகாலியா என்ற பெயரில் விற்பனையிலும் இருக்கிறது. அப்படிப்பட்டதை நோய் முற்றிய பிறகு தெளிப்பதில் பொருளே இல்லை. தைம், கிராம்பு, ஜெரேனியம் ஆகியவற்றின் மணப்பொருள்களான தைமால், யூஜினால், ஜெரானியால் மூன்றையும் ஈஸ்ட் செல்லுறைக்குள் அடைத்து, திராட்சையின் சாம்பல் அழுகல் என்ற வேறொரு நோய்க்கு மெவலோன் என்ற பெயரில் விற்கிறார்கள். ஆவியாகி ஓடுவதைத் தடுக்கத்தான் அந்த உறை. வீட்டுச் சாற்றின் மிகப் பெரிய பலவீனம் எது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

மருதாணி இலையின் லாசோன் நல்ல பூஞ்சாண எதிர்ப்புப் பொருள். உலர்பொடி 50 கிராமை 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிக்க வேண்டும். காயிலும் பூவிலும் கறை படியும் என்பதால் நாற்றுக்கும் இலைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வசம்பைப் பல குறிப்புகள் சொல்கின்றன. அதன் பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று தெரியவந்திருப்பதால், உண்ணும் கீரையிலும் காயிலும் அதைத் தெளிக்கக் கூடாது. விதைக்கப்போகும் விதையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஊமத்தை, அரளி இரண்டையும் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். ஊமத்தையின் ஆல்கலாய்டுகளும் அரளியின் இதய நஞ்சும் அரைக்கும் கையிலும் தெளிக்கும் மூச்சிலும் ஏறும். செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் எதுவும் பாதுகாப்பானதாகிவிடாது. அதேபோல் மனிதனுக்கு மருந்தாகும் மூலிகை எல்லாம் இலையிலுள்ள பூஞ்சாணத்துக்கும் மருந்தாகும் என்றும் இல்லை.

சோப்பு. சாறு இலையில் பரவி ஒட்ட ஏதாவது ஒன்று தேவைதான், குறிப்பாகப் பூசணி போன்ற சொரசொரப்பான இலையிலும் மெழுகுப் பூச்சுள்ள இலையிலும். ஆனால் பாத்திரம் கழுவும் டிடர்ஜென்ட் இலையின் மெழுகையே கரைத்துவிடும். உங்கள் தக்காளி நாற்றின் ஓரம் கருகியதற்கு இதுவே முதல் சந்தேகம். இளம் இலையின் மெழுகுப் பூச்சு இன்னும் மெல்லியது. சாதாரண சோப்பு கடின நீரில் திரிந்து, வெள்ளைத் திப்பிகளாக மாறித் தெளிப்பான் மூக்கை அடைக்கும். பூந்திக்கொட்டை இதற்கு நல்ல மாற்று. கொட்டை நீக்கிய தோல் 5 கிராமை 1 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடித்தால், காரமில்லாத, இலேசான அமிலத்தன்மையுள்ள நுரைநீர் கிடைக்கும். சப்போனின் மீன்களுக்கு நஞ்சு, ஆகவே தெளிப்பான் கழுவிய நீரைக் குளத்திலோ தொட்டியிலோ விடாதீர்கள்.

எந்தச் சாறானாலும் முதலில் ஒரே செடியில் நான்கைந்து இலைகளில் மட்டும் தெளித்து 48 மணி நேரம் பாருங்கள். ஓரம் பழுப்பானாலோ, இலை நடுவில் எண்ணெய் படிந்தாற்போல் கண்ணாடித் திட்டுகள் தெரிந்தாலோ பாதியாக நீர்த்து மறுபடி சோதியுங்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளிலும், நீரின்றி வாடி நிற்கும் செடியிலும் எண்ணெய் வகை எதுவும் வேண்டாம்.

சாற்றைச் சேமித்து வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். நீர்ச்சாறில் சர்க்கரையும் புரதமும் இருக்கின்றன. இரண்டாம் நாளே அதில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும். அப்படிப் புளித்ததைத் தெளித்தால் இலைமேல் கரும்பூசணத்துக்கு நீங்களே சோறு போடுவதாகிவிடும். பச்சையாகத் தின்னும் கீரைமேல் தெளித்தால் தின்பவருக்கும் கேடு. சேமிக்க வேண்டுமானால் இலையைச் சேமியுங்கள்: நிழலில் கலகலவென்று உலர்த்தி, பொடிக்காமல் முழு இலையாக, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைத்து, தேவைப்படும் அன்று பொடியுங்கள்.

டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் போன்ற உயிர்க் கட்டுப்பாட்டு நுண்ணுயிர்களை மண்ணில் இட்டிருந்தால் பூண்டு, கிராம்புச் சாறுகளை அங்கே ஊற்றாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணமே. நல்லது கெட்டது என்று அல்லிசின் பிரித்துப் பார்க்காது. குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். அதேபோல், சேமித்த தானியத்திலோ கடலையிலோ ஏற்கெனவே பூசணம் பிடித்திருந்தால் எந்தச் சாறும் அதை உண்ணத் தகுந்ததாக்காது. பூசணம் செத்தாலும் அது விட்டுச்சென்ற அஃப்லாடாக்சின் அப்படியே இருக்கும்.

பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இது பெரும்பாலோர் செய்யாத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை. நான்கு செடிகளை நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒன்றுக்கு எதுவும் இல்லை, ஒன்றுக்கு வெறும் நீர், ஒன்றுக்கு நீரும் சோப்பும், ஒன்றுக்குச் சாறும் சோப்பும். சாம்பல் நோய் வித்துகளுக்கு ஓடும் நீரே ஆகாது. இலைமேல் தேங்கும் நீரில் அவை சரியாக முளைக்காமல் போகும், சில வெடித்தும் போகும். வெறும் நீரைத் தெளித்தாலே நோய் சற்றுக் குறையும். சோப்பு இன்னும் கொஞ்சம் குறைக்கும். மூன்றாவது செடியும் நான்காவது செடியும் ஒரே மாதிரி இருந்தால் நீங்கள் எடுத்த சாறு வேலை செய்யவில்லை, சோப்புதான் செய்திருக்கிறது. பத்து மடங்கு உருப்பெருக்கும் கைக்கண்ணாடியால் அதே திட்டை நாள்தோறும் பாருங்கள். உயிருள்ள திட்டில் வித்துகள் மணிகோத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் சரியாகப் பட்டிருந்தால் இரண்டு நாளில் அவை சரிந்து, பிசுபிசுத்து, திட்டு வெண்மை இழந்து சாம்பல் பழுப்பாகும். திட்டு இருந்த இடத்தில் இலை மஞ்சளாகவே நின்றுவிடும், பச்சை திரும்பாது. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். புது இலையில் திட்டு வருகிறதா என்பதே கேள்வி.

இனி உங்கள் பூசணிக்கும் வெண்டைக்கும். பாதிக்கு மேல் வெளுத்துவிட்ட அடி இலைகளைக் கிள்ளி எடுத்து அகற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அன்று காலையில் வெறும் நீரை விசையாக இலையின் இருபுறமும் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மாலையில் 0.5 விழுக்காடு வேப்பெண்ணெயை மேலும் கீழும் சொட்டும்வரை தெளியுங்கள். ஆறாம் நாள் பூண்டுச் சாறு, பன்னிரண்டாம் நாள் மறுபடி வேப்பெண்ணெய். தக்காளி நாற்றுக்கு இந்த எதுவும் இப்போது வேண்டாம், கருகிய இலையை விட்டுப் புது இலை விரியட்டும்.

மூன்று தெளிப்புக்குப் பிறகும் கொடி நுனியிலிருந்து மூன்றாம் நான்காம் இலைகளில் புதுத் திட்டு வந்துகொண்டே இருந்தால், சாறை நிறுத்திவிட்டுப் பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 5 கிராம் என்று மாறுங்கள். சாம்பல் நோயில் அது பெரும்பாலான வீட்டுச் சாறுகளைவிட நம்பகமானது. நனையும் கந்தகத் தூளும் வேலை செய்யும். ஆனால் பூசணிக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றின் இலையை அது சுடும், எண்ணெய் தெளித்த இலையில் பட்டால் எந்தச் செடியும் கருகும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகும்வரை கந்தகத்தைத் தொட வேண்டாம்.